அகப்பைக்கு ஒரு நாள் விடுமுறை

பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, கச்சேரிக்கு உண்டு, மில்லுக்குங்கூட வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. நம் வீட்டு அகப்பைக்கு மாத்திரம் விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையன்றுதான் அதற்கு இரட்டை வேலை! அந்த அகப்பையைப் பிடிக்கும் கையைப் பற்றி இவ்வாரம் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர், கோபிசெட்டிபாளையத்துக்காரர், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவர். கம்பெனியார் அவரை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனி தேசத்து ஷ்டுட்கார்ட் நகருக்கு அனுப்பியிருந்தார்கள். மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன அவ்வூர் கோயமுத்தூர் எஞ்சினீயர்களுக்குப் புதிதல்ல. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடன் போனார்கள். மூத்த குழந்தை பிறந்த எட்டு வருஷத்தில் தம்பதிகள் தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லையாம். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்த அவருடைய தாயார், ஒரு சனிக்கிழமை மாலை பேரக் குழந்தைகளைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "உங்கப்பனும் நானும் எதிரெதிரே உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை கண்ணு. நீங்களாச்சும் போயிட்டு வாங்க" என்று இருவரையும் வெளியே அனுப்பினாராம்.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு ஜெர்மானியப் போஜனசாலை. உட்கார்ந்த பின் கால் மணி நேரம் இருவருக்கும் பேச்சே எழவில்லை. பள்ளிக்கூடச் சம்பளம், சின்னவனுடைய சளி, வீட்டு வாடகை, இவற்றைத் தவிர வேறு விஷயம் அகப்படவில்லையாம்! கணவருடைய தம்ளரில் தண்ணீர் குறைந்ததும் அந்த அம்மாள் பழக்க தோஷத்தால் எழுந்துவிட்டார். "உக்காரு அம்முணி, இங்கே கொண்டுவர ஆள் இருக்குது" என்று கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாராம்.

அப்புறந்தான் தட்டு வந்தது. அந்தச் சீமையின் பெயர்போன பண்டம் 'ஷ்பெட்ஸ்லே' என்பது. கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, துளையிட்ட அச்சில் வைத்து அழுத்தி, கொதிக்கும் நீரில் விழச் செய்து எடுப்பார்கள். வேகவைத்த பருப்பில் கொஞ்சம் காடி விட்டு, அதனுடன் பரிமாறுவது அவ்வூர் வழக்கம். இறைச்சிக் குழலை மட்டும் வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். அம்மாள் ஒரு வாய் உண்டுவிட்டு, "ஏனுங்க, இது நம்மூர்ச் சந்தகையாட்டவே இருக்குதுங்களே!" என்றாராம்.

உறவு இருக்கத்தான் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் பச்சை மாவைப் பிழிந்து பிறகு வேக வைக்கிறார்கள். நாம் புழுங்கலரிசி மாவை வேக வைத்து, சூடு ஆறுமுன் பிழிகிறோம். ஆறினால் அச்சு நகராது. ஒருவர் மாவை இட, ஒருவர் பலங்கொண்ட மட்டும் அழுத்த வேண்டும். விருந்தாளிக்குத் தேங்காய்ப் பாலுடன் இலையில் விழும் அந்த வெள்ளை நூலுக்குப் பின்னால் எத்தனை தோள் வலி! பிழிந்தவள் கடைசியில் உட்காரும்போது மிஞ்சியிருப்பது உதிரியும் விழுதுந்தான். அந்த அம்மாள் தம் பிறந்தகத்துச் சந்தகைக் கதையை அன்றிரவுதான் கணவரிடம் முதன்முதலாகச் சொன்னாராம். பத்து வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர் அறியாத கதை! கடையைச் சாத்தும் வரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஷ்டுட்கார்ட் வரை போக வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டாந்தான். நம் பாட்டிமார் காலத்தில் குடும்ப ஸ்திரீகள் ஹோட்டலில் உண்பது அபூர்வம். பிறகு திரைச்சீலை போட்ட 'பாமிலி ரூம்' வந்தது. இன்று கோயமுத்தூரில் அன்னபூர்ணா முதலான எந்தச் சாப்பாட்டு விடுதியிலும் குடும்பம் குடும்பமாகக் காண்கிறோம். ஆனால் உற்றுப் பாருங்கள்: தாயின் இடது கை குழந்தையைப் பிடித்திருக்கிறது, வலது கை அதற்கு ஊட்டுகிறது, அவளுடைய தோசை ஆறிக் கிடக்கிறது. தகப்பனார் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறார். அடுப்புக்கு விடுமுறை கிடைத்ததே தவிர, அவளுக்குக் கிடைக்கவில்லை.

குழந்தைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் உல்லாசமாகப் போவது தர்மமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாயும் தகப்பனும் ஒருவரோடொருவர் சந்தோஷமாகப் பேசிக்கொள்ளும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையை வகுப்பில் பார்த்த மாத்திரத்தில் நாம் சொல்லிவிடுவோம். சம்சாரம் என்பது வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் ஆபீஸாக மாறிவிட்டால், அதன் நஷ்டம் முதலில் விழுவது குழந்தைகள் தலையில்தான்.

ஆகவே, பெரியவர்களுக்கு நம் விண்ணப்பம்: மாதத்தில் ஒரு மாலை பேரக் குழந்தைகளை வாங்கிக்கொள்ளுங்கள். கணவன்மாருக்கு: பணம் இல்லையென்று சாக்குச் சொல்லாதீர்கள்; இரண்டு இட்டிலியும் ஒரு காபியும் போதும். அவளுக்கு முதலில் வரட்டும், சூடாக வரட்டும். பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பற்றிய பேச்சை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.