நீலம் அடித்தால் பித்தம் தணியுமா?

பொங்கலோ கல்யாணமோ நெருங்கிவிட்டால் போதும், நாடி பார்க்க வருகிறவர்கள்கூட பெயின்ட் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். “எனக்குப் பித்த உடம்பு டாக்டர். பெட்ரூமுக்கு இளநீலம் அடிச்சா சூடு குறையுமா?” “மாமியாருக்கு வாதம். ஆரஞ்சு நல்லதாமே?”

குறையவும் குறையாது, கூடவும் கூடாது. ‘குளிர்ச்சியான நிறம்’, ‘சூடான நிறம்’ என்பதெல்லாம் கண்ணுக்கும் மனசுக்கும்தான். வாதம், பித்தம், கபம் மூன்றும் சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் பருவத்தாலும் ஏறி இறங்குபவை. ஒரு சித்த வைத்தியர் இப்படிச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம்தான்!

மேற்குப் பார்த்த அறை, மேலே மொட்டை மாடி. சித்திரை வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். உள்ளே நீலம் பூசி என்ன பயன்? மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெளிச்சுவருக்கு வெளிர் நிறம் போதும். வெயில் பாதி அங்கேயே திரும்பிவிடும்.

உள்ளே நிறம் உங்கள் இஷ்டம். ஆனால், பெரியவர்கள் படுக்கிற அறையை மட்டும் ஃபேஷனுக்கு விடாதீர்கள். ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடிக்கிறார்களே, அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கண்புரை தொடங்கியவர்களுக்கு நீலமும் பச்சையும் குழம்பும். ராத்திரி பாத்ரூம் போகும்போது படி தெரியாமல் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த பாட்டிகள் எத்தனை பேர்! அந்த அறைக்குச் சந்தனம், கிரீம், வெளிர் மஞ்சள் என்று அடித்து, பாத்ரூம் படியின் விளிம்புக்கு மட்டும் தரையிலிருந்து பளிச்சென்று மாறித் தெரிகிற நிறம் கொடுங்கள்.

சூடான நிறங்களில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டில், குறிப்பாகப் பளீர் மஞ்சளிலும் சிவப்பிலும், அந்நாளில் ஈயம் தாராளமாக இருந்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் வீட்டு ஜன்னல் அதற்கு முந்தியதாக இருந்தால், காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிப் பறக்கவிடாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாட்டி வீட்டில் இருக்கட்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகு அழைத்து வாருங்கள்.