கூடிப் பிழை களைவோம்

தனித்திருந்து கற்றல் அறிவுக்குத் தொடக்கம். அவை நடுவே உரைத்துத் தெளிதல் அதன் நிறைவு. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறக் கேட்கப்பெற்றது எனச் சிறப்புப் பாயிரம் செப்புகிறது. திருமறையின் 42ஆம் அத்தியாயமோ 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை, என்றே பெயர் பெற்றுள்ளது. இவ்வுண்மை ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும் என்பதற்கு உயிரணு வளர்ப்புத் துறையின் வரலாறே சான்று.

உடலினின்றும் பிரித்தெடுத்த உயிரணுக்களை ஊட்டநீர்மம் இட்டுக் கலங்களில் வளர்ப்பதே உயிரணு வளர்ப்பாகும். தவளைக் கருவின் நரம்பிழை உடலுக்கு வெளியே வளர்வதை 1907இல் ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்க அறிஞர் மெய்ப்பித்தார். இத்துறை வல்லுநர்கள் 1946இல் அமெரிக்காவில் திசு வளர்ப்புச் சங்கம் கண்டனர். 'சொசைட்டி ஃபார் இன் விட்ரோ பயாலஜி' என்னும் பெயருடன் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

1951இல் பால்டிமோர் நகரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்னும் நோயாளியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரது இசைவைப் பெறாமலேயே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் 'ஹீலா' எனப் பெயர் பெற்றன. ஓயாது பெருகுவது அவற்றின் சிறப்பு. அதுவே இடரும் ஆயிற்று. தப்பித் தவறிப் பிறிதொரு கலத்தில் புகுந்தால், அங்குள்ளவற்றை மிஞ்சிப் பெருகி அக்கலத்தையே தமதாக்கிக் கொள்ளும். கலத்தின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மாறாதிருக்கும்!

1966இல் அச்சங்கம் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் கூட்டிய மாநாட்டில், மரபியல் அறிஞர் ஸ்டான்லி கார்ட்லர் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டார். வெவ்வேறு மனிதரிடமிருந்து பெற்றவை எனக் கருதப்பட்ட பல உயிரணு வழிகளில் ஹீலாவுக்குரிய நொதி வகையே காணப்பட்டது. ஆதலின் அவை ஹீலாவாகவே இருத்தல் கூடும் என்றார். ஒருவர் தம் கூடத்தில் தனித்திருந்து பன்முறை ஆராயினும் இவ்வுண்மை எளிதில் புலப்பட்டிராது. பலர் கலங்களையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டதனால் புலப்பட்டது. பலர் கூடிய அவை இருந்ததனால் உரைக்கப்பட்டது.

சங்கத்தில் சேர்வதால் பயன் யாது என வினவுவோர் உளர். ஆய்விதழ், பயிற்சிப் பட்டறை, மாணவருக்குக் குறைந்த கட்டணம், வேலைவாய்ப்புச் செய்தி ஆகியவை உண்மையான பயன்களே. எனினும் தலையாய பயன், நம் பிழையைப் பிறர் நம் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் வாய்ப்பைப் பெறுவதே என்பது நம் துணிபு.

உறுப்பினர் அட்டை ஒன்றே அறிவைத் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை. கார்ட்லர் எச்சரித்த பின்னரும் பலர் தவறான உயிரணுக்களைக் கொண்டே ஆய்வைத் தொடர்ந்தனர். 2012இல் அமைந்த பன்னாட்டுக் குழுவொன்று வெளியிட்டுவரும் பட்டியலில், அடையாளம் தவறிய உயிரணு வழிகள் 500க்கும் மேல் இடம்பெற்றுள்ளன. ஓர் உறுப்பின் புற்றுக்கு மருந்து காண முயல்வோர், அறியாமலே வேறோர் உறுப்பின் புற்றை ஆராய்ந்தால், பாழாவது பொருள் மட்டுமன்று. மருந்தை எதிர்நோக்கிக் கிடக்கும் நோயாளியின் காலமும் அன்றோ? இன்று மரபணுச் சோதனையால் உயிரணுவின் அடையாளத்தை உறுதி செய்யலாம். கருவி உண்டு, கேட்கும் செவியே வேண்டும்.

ஆதலின், அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் தத்தம் துறைச் சங்கங்களில் இளமையிலேயே உறுப்பினராதல் வேண்டும். ஆசிரியர்கள் அவர்களை மாநாடுகளுக்கு அழைத்துச் சென்று கட்டுரை படிக்கச் செய்தல் வேண்டும். கல்விக்கு வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர், கட்டடங்களுக்கு ஈவது போன்றே இவ்வுறுப்பினர் கட்டணத்திற்கும் பயணச் செலவிற்கும் ஒரு சிறு நிதியை ஒதுக்குவார்களாயின், அது நெடுங்காலம் பயன் நல்கும் அறமாக நிலைக்கும். பிழை சுட்டப்படுதலை இழுக்கெனக் கருதாத தலைமுறையை உருவாக்குவதே கல்விக்கு அழகு.