இணைந்த கணிதம் எட்டாக் கனியா?
உயர்தரத்தில் இணைந்த கணிதம் படியாதவனுக்குப் பொறியியற் பீடத்தின் கதவு திறவாது. அப்பாடம் 1 ஏ.பி. தரப் பாடசாலைகளுக்கே உரியது. 1 சி தரத்தில் கலையும் வர்த்தகமுமே உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். அரை நூற்றாண்டு கழிந்தும் அவற்றுட் பெரும்பாலானவை அதனினும் கீழான தரங்களிலேயே கிடக்கின்றன. லயத்துப் பிள்ளை கணிதத்தில் எத்துணை வல்லவனாயினும், அட்டன் போன்ற நகரங்களில் தங்கிப் படித்தாலன்றி வழியில்லை. நாட்கூலிக் குடும்பம் அச்செலவைத் தாங்குமா?

இதிலுள்ள கொடுமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 55 மாவட்டங்களின் சனத்தொகைப்படி பங்கிடப்படுகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். தோட்டத் தொழிலாளியின் தலையை எண்ணி மாவட்டத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். அவ்விடத்துக்குப் போட்டியிடும் வகுப்பையோ அவன் பிள்ளைக்கு மறுக்கிறார்கள்! நமது மலையகப் பிரதிநிதிகள் இதனைப் பாராளுமன்றத்தில் எத்தனை முறை கிளப்பினார்கள் என்பதும் விசாரிக்கத்தக்கதே.

ஆசிரியர் இல்லை என்பது பழைய சமாதானம். வகுப்பே இல்லாத இடத்திலிருந்து கணிதப் பட்டதாரி எங்ஙனம் தோன்றுவான்? தமிழ்மொழிமூலக் கணிதப் பிரிவு இல்லாத கல்விக் கோட்டந்தோறும் ஒரு பாடசாலையிலேனும் அதனைத் திறந்து, வெளியூர் ஆசிரியர் தங்க விடுதியும் அமைக்கக் கல்வி மந்திரியார் எப்போது முன்வருவார் என்று கேட்கிறோம்.