முடியற கேம் நாலு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொசுவத்திப் பதிவு இல்லை. இங்கே நான் சிபாரிசு பண்ணப்போற கேம் எல்லாம் வந்து ஓய்ஞ்சுபோன பிறகுதான் நான் பிறந்தேன். "சின்ன வயசுல ஆடினது, அதான் உருகறான்"னு யாரும் சொல்ல முடியாது. எல்லாமே ஆக்லாந்து வந்த பிறகு, ஆய்வுக்கட்டுரை எழுதறேன்னு பேர் பண்ணிக்கிட்டு, மழை கொட்டற ஜூலை மாசத்துல போர்வைக்குள்ள உட்கார்ந்து முதல் தடவையா ஆடினது :-) அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். 1990களோட முதல் பாதியில வந்த 16 பிட் ஆக்‌ஷன் ஆர்பிஜி கேம்களை இன்னிக்கும் ஆடலாம். குறிப்பா நம்ம ஊர்ப் பசங்க ஆடணும்.

அது என்ன நம்ம ஊர்ப் பசங்க ஸ்பெஷல்? நமக்கு நடுவுல ஒரு படி விட்டுப்போச்சுங்க. நம்ம வீடுகளுக்கு வந்தது "டிவி கேம்". 1983ல ஜப்பான்ல வந்த நின்டெண்டோ பெட்டியோட நகல். ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார், திருவிழாக் கடைன்னு எல்லா இடத்துலயும் கிடைச்சது. ஒரு கேசட், மேல "9999 இன் 1"னு போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தா பத்துப் பதினஞ்சு கேம்தான் தேறும். மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடறது. அந்தக் கேசட்ல சேவ் பண்ற வசதியே கிடையாது. கரண்ட் போனா முதல்ல இருந்து. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா முதல்ல இருந்து. அதுக்கப்புறம் நேரா பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர், அப்புறம் போன். நடுவுல இருந்த சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் காலத்தை நாம பார்க்கவே இல்லை. 1990களின் நடுவுல ஷா வாலஸ் நிறுவனம் மூலமா சேகா இந்தியாவுக்கு வந்ததென்னவோ உண்மை. ஆனா அந்த விலைக்கு நடுத்தர வீட்ல அப்பாகிட்ட கேட்கற தைரியம் யாருக்கு இருந்திருக்கும்?

அந்தக் காலத்து ஆர்பிஜி கேசட்டுக்குள்ள சின்னதா ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சேவ் பண்ணினதைக் காப்பாத்தறதுக்கு. கேட்க சாதாரணமா இருக்கும், ஆனா அந்த பேட்டரியாலதான் இருபது மணி நேரத்துக்கு ஒரு கதை சொல்ல முடிஞ்சது. இருபது மணி நேரக் கதைன்னா அதுக்கு ஒரு முடிவு வேணும். முதல்ல இருந்தே திரும்பத் திரும்ப ஆடற கேமுக்கும், என்னிக்குமே முடியாத கேமுக்கும் நடுவுல, ஆரம்பிச்சு முடியற கேம்னு ஒரு காலம் இருந்திருக்கு. அதைத்தான் நாம தவறவிட்டோம்.

ஊர்ல என் சித்தி பையன் காலேஜ் முதல் வருஷம். போன்ல ஒரு சுடற கேம் ஆடறான், மூணு வருஷமா. "என்னடா, எப்ப முடியும்?"னு கேட்டேன். "அண்ணா, அது முடியாதுண்ணா, சீசன் மாறும்"னான். தினம் உள்ள போகலைன்னா பரிசு போயிடுமாம். சித்திக்குத் தெரியாம துப்பாக்கிக்குச் சட்டை மாத்தவும் காசு கட்டியிருக்கான். அவனைத் திட்ட மனசு வரலை. முடிஞ்சுபோற கேமை வித்தா கடைக்காரனுக்கு ஒரு தடவைதான் வரும்படி, முடியாத கேம்னா மாசாமாசம்.

இதுல வேடிக்கை என்னன்னா, முடியாத ஆக்‌ஷன் ஆர்பிஜிக்கு உலகத் தலைநகர்னு சொல்லக்கூடிய ஊர்லதான் நான் இருக்கேன். 'பாத் ஆஃப் எக்ஸைல்' கேமை எடுத்தவங்க, கிரைண்டிங் கியர் கேம்ஸ், இங்கே மேற்கு ஆக்லாந்துல ஹெண்டர்சன்காரங்க. 2006ல ஆரம்பிச்சு 2013ல கேமை வெளியிட்டாங்க. 2018ல டென்சென்ட் பெரும்பங்கை வாங்கிடுச்சு. ரெண்டாம் பாகம் 2024 டிசம்பர்ல முன்னோட்டமா விற்பனைக்கு வந்தது. கேம் அருமை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சில மாசத்துக்கு ஒரு தடவை புது லீக், புதுசா ஒண்ணாம் நம்பர்ல இருந்து பாத்திரம். என் கூடப் படிக்கிறவன் லீக் ஆரம்பிக்கற வாரம் லேபுக்கே வர மாட்டான். நானும் ஒரு லீக் ஆடினேன். இருநூறு மணி நேரம் போச்சு, கதை என்னன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இருபது மணி நேரம் ஆடின டெர்ரானிக்மாவைப் பத்தி இன்னிக்கு ராத்திரி பூரா பேசுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஆக்‌ஷன் ஆர்பிஜின்னா, உன் முறை என் முறைன்னு காத்திருந்து அடிக்காம, நேரா ஓடிப்போய் வாளை வீசற ஆர்பிஜி. பழகறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

எல்லாரும் சொல்ற 'ஸெல்டா: எ லிங்க் டு தி பாஸ்ட்' (1991) பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. இது ஆர்பிஜியே இல்லைன்னு சண்டை போடறவங்க தனியா போய்ப் போடுங்க. புதுசா உள்ள வர்றவங்க இதுல ஆரம்பிச்சா கை பழகிடும். நின்டெண்டோ சந்தாவுலயும் இருக்கு.

'சீக்ரெட் ஆஃப் மானா' (1993) தனியா ஆடற கேம் இல்லை, அதை முதல்லயே சொல்லிடணும். தனியா ஆடினா கூட வர்ற ரெண்டு பேரை கம்ப்யூட்டர் ஓட்டும், அதுங்க மரத்துல முட்டிக்கிட்டு நிக்கும். மூணு பேரா ஆடினா அதே கேம் வேற கேம். எங்க ஃப்ளாட்ல நான், ஒரு மதுரைக்காரன், ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. அவர் முதல் நாள் "உந்தப் பழைய படத்தை ஏன்டாப்பா பாக்கிறாய்?"னு கேட்டுட்டுப் போனார். நாலாம் நாள் வைத்தியம் பண்ற பொண்ணு பாத்திரம் அவர் கையில. நாங்க ரெண்டு பேரும் செத்துச் செத்துப் பிழைச்சோம் :-) இந்தக் கேமை முதல்ல சிடியில விடறதா திட்டம். அந்தச் சிடி இயந்திரம் வராமப் போனதால கேசட்டுக்குள்ள அடைக்க வேண்டியதாயிடுச்சு, நிறைய வெட்டினாங்க. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் டெட் வூல்ஸி ஒரே மாசத்துல முடிச்சுக் கொடுத்தார். கதை அங்கங்க நொண்டறதுக்குக் காரணம் அதுதான். கதைக்காக ஆடாதீங்க, கூட்டத்துக்காக ஆடுங்க. 2019ல வந்த 'கலெக்‌ஷன் ஆஃப் மானா'வுல மூணு கேம் சேர்ந்தே கிடைக்குது.

இனிமேதான் நான் உண்மையா சொல்ல வந்தது. குயின்டெட்னு ஒரு சின்ன ஜப்பான் கம்பெனி. 'சோல் பிளேசர்' (1992), 'இல்யூஷன் ஆஃப் கையா' (1993), 'டெர்ரானிக்மா' (1995). மூணும் தனித்தனிக் கதை, ஆனா மூணையும் ஒரே மூச்சுல நினைக்கத் தோணும். முதலாவதுல ஒரு அரக்கக் கூட்டை அழிச்சா அதுல அடைபட்டிருந்த ஒரு உயிர் வெளிய வரும். ஒரு தாத்தா, ஒரு ஆடு, சில நேரம் ஒரு செடி. காலியான பொட்டல் கண் முன்னாடி ஊரா மாறும். எளிமையான கேம், ஆனா கையை விட்டு இறக்க முடியாது.

ரெண்டாவதை நம்ம டிவி முறைக்காரங்களுக்கு 'இல்யூஷன் ஆஃப் டைம்'னு பேர் மாத்தி 1995ல விட்டாங்க. (இந்தியா, நியூஸி, இலங்கை எல்லாம் ஒரே பால் முறைதானே, அது பத்தி அப்புறம்.) இதுல நிஜ இடங்களுக்குப் போறோம். இன்கா இடிபாடு, நாஸ்கா கோடு, சீனப் பெருஞ்சுவர், அங்கோர் வாட். சூர்யவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டின கோயிலுக்குள்ள ஒரு பொடியன் புல்லாங்குழலைத் தடி மாதிரி சுழட்டிக்கிட்டு ஓடறான். சைலேந்திரர், பல்லவர்னு பேசி வளர்ந்த நமக்கு இது தனிக் கிளுகிளுப்பு, ஹிஹி. ஆனா சிரிப்பு மேட்டர் இல்லை. அடிமை விக்கற ஊர் ஒண்ணு வருது, பசியில வாடற கிராமம் ஒண்ணு வருது. கூட ஒரு பன்னிக்குட்டி வருது, பேர் ஹாம்லெட். அது பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். பாத்திரங்களை வரைஞ்சது மோட்டோ ஹாகியோ, ஜப்பான் பெண்கள் மங்காவோட பெரிய கை.

மூணாவது டெர்ரானிக்மா. ஒரே ஒரு கேம்தான் ஆடுவேன்னு அடம் பிடிச்சீங்கன்னா, இது.

ஆர்க்னு ஒரு வாலுப் பையன், பூமிக்கு அடியில ஒரு கிராமத்துல. திறக்காதேன்னு சொன்ன கதவைத் திறந்துடறான். ஊரே உறைஞ்சுபோகுது. அவங்களை மீட்க அவன் ஒவ்வொரு கோபுரமா ஏறறான். ஒரு கோபுரம் ஜெயிச்சா மேல செத்துக் கிடக்கற பூமியில ஒரு கண்டம் எழும்பும். அப்புறம் அவனே மேல வர்றான். மேல ஒண்ணுமே இல்லை, வெறும் பாறை. முதல்ல செடி கொடி, அப்புறம் காத்தும் பறவையும், அப்புறம் மிருகம், கடைசியில மனுஷன். ஒவ்வொண்ணா அவன்தான் எழுப்பறான். செடியோட பேசறான், பறவையோட பேசறான், சிங்கக் குட்டியோட பேசறான்.

பனிமலையில ஒரு கட்டம். பனிச்சரிவுல ஆர்க்கும் ஒரு பெண் ஆடும் ஒரு குகைக்குள்ள மாட்டிக்கறாங்க. ஆட்டோட புருஷன் அங்கேயே செத்துக் கிடக்கு. சாப்பிட ஒண்ணுமில்லை. அந்த ஆடே சொல்லுது, அவரைச் சாப்பிட்டு உயிர் பிழைக்கலாம்னு. 1995ல, குழந்தைங்க சாமான்னு நினைச்சு வித்த ஒரு கேசட்ல! நான் கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டு டீ போடப் போயிட்டேன்.

மனுஷனை எழுப்பின பிறகு ஆர்க் நீண்ட தூக்கம் போட்டு எழுந்திரிக்கிறான். இப்ப மிருகம் எதுவும் அவனுக்குப் புரியறதில்லை. அதுங்க கத்துது, அவ்வளவுதான். கேம் இதுக்கு ஒரு அழுகைப் பாட்டு எல்லாம் வெக்கலை, போற போக்குல நடக்குது. நேத்து வரைக்கும் வழி சொன்ன மிருகம் முன்னாடி நின்னு பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். இங்கே நான் வார இறுதியில போற ஒரு தமிழ்க் குடும்பத்துல ரெண்டு குட்டிப் பசங்க. ஊர்ல இருந்து பாட்டி வீடியோவுல வந்தா சிரிக்கும், கை ஆட்டும், பாட்டி என்ன சொன்னாங்கன்னு அம்மா முகத்தைப் பார்க்கும். அந்த ராத்திரி எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இந்தக் கேமுக்கும் நமக்கும் இன்னொரு உறவு இருக்கு. எனிக்ஸ் தன் அமெரிக்கக் கடையை 1995ல மூடினதால டெர்ரானிக்மா அமெரிக்காவுல வரவே இல்லை. 1996 டிசம்பர்ல இங்கிலீஷ்ல வந்தது ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் மட்டும், அதாவது பால் முறைக்கு. எல்லாமே அமெரிக்காவுக்கு முதல்ல போகும், நமக்கு மிச்சம்தான்னு இருந்த காலத்துல, நம்ம முறைக்கு மட்டும் வந்த அபூர்வம் இது. பால் டிவி நொடிக்கு 50 தடவை படம் மாத்தும், அமெரிக்க, ஜப்பான் டிவி 60. அதனால நம்ம பக்கம் வந்த கேம் நிறைய ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும், மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வேற. டெர்ரானிக்மாவை 60ல ஓட விட்டா சண்டை இன்னும் துடிப்பா இருக்கு.

ஆனா இன்னிக்கு அதைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. மறுவெளியீடு இல்லை, எந்தச் சந்தாவுலயும் இல்லை. குயின்டெட் 2000களில் சத்தமில்லாம காணாமப் போயிடுச்சு. டிரேட்மீல பழைய கேசட் எப்பவாவது தலைகாட்டும், விலை என் வாடகையோட போட்டி போடும். அப்படி வாங்கினாலும் கேமை எழுதினவங்களுக்கு ஒரு சென்ட் போகாது. உள்ள இருக்கற அந்த பட்டன் பேட்டரியும் முப்பது வயசு கிழம், மாத்தணும்னா சால்டரிங் தெரியணும். 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்தாங்க. அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் கடையில இல்லை. வித்துட்டு இருந்ததும் நிக்குது. மெகா டிரைவ் பக்கம் எனக்குப் பிடிச்ச 'தி ஸ்டோரி ஆஃப் தோர்' (1994), 'லேண்ட்ஸ்டாக்கர்' (1992) ரெண்டும் ஸ்டீம்ல சல்லிசா கிடைச்சுட்டு இருந்தது. 2024 டிசம்பர்ல சேகா தன் பழைய கேம்களை மொத்தமா அங்கிருந்து எடுத்துட்டாங்க.

என் கருத்து இதுதான், திட்டறவங்க திட்டுங்க: விக்கறதைக் காசு கொடுத்து வாங்குங்க. ஸெல்டா, மானா எல்லாம் இன்னிக்கும் விக்குது, அதைத் திருட்டுத்தனமா ஆட ஒரு காரணமும் இல்லை. ஆனா முப்பது வருஷமா விக்க மறுக்கற ஒரு கேமை, ரசிகர்கள் எமுலேட்டர்ல உயிரோட வெச்சிருக்கறதைத் திருட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உரிமை வெச்சிருக்கறவங்க நாளைக்கே டெர்ரானிக்மாவை விலை போட்டு வைக்கட்டும், வரிசையில முதல் ஆளா நிக்கறேன்.

சித்தி பையனுக்கு நான் அனுப்பின வரிசை: ஸெல்டா, சோல் பிளேசர், இல்யூஷன், டெர்ரானிக்மா. அவனோட டொக்கு லேப்டாப்ல நாலும் ஜம்முன்னு ஓடுது. செமஸ்டர் லீவுல முதல் ரெண்டையும் முடிச்சுட்டான். இப்ப இல்யூஷன்ல பெருஞ்சுவர் தாண்டிட்டான். "அண்ணா, இந்தப் பன்னிக்குட்டி செம காமெடிண்ணா"ன்னு நேத்து மெசேஜ் போட்டிருந்தான். நான் பதில் போடலை.