அம்மாவை யார் பார்ப்பது?

நைட் ஷிப்டு முடிந்து தொழிலாளி வீடு திரும்புகிறார். கதவு திறந்து கிடக்கிறது, தாயைக் காணோம். தெருத்தெருவாக அலைந்து பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடிக்கிறார். "நீ யாரப்பா?" என்று கேட்கிறாள் பெற்றவள். அன்றிரவு அவர் வேலைக்குப் போகவில்லை. கூலியும் போயிற்று.

இதை 'வயசான கோளாறு' என்று தள்ளிவிடுகிறோம்; சிலர் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இது மூளையைப் பற்றும் வியாதி. இதன் முக்கிய வகையை 1906லேயே ஜெர்மன் டாக்டர் அல்ஸைமர் எடுத்துரைத்தார். நம் நாட்டில் சுமார் 88 லட்சம் முதியோருக்கு மறதி நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பணக்காரர் வியாதி என்போர் கவனிக்கட்டும்! தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கார் 2007ல் ஒரு சட்டம் போட்டது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடுவதை நாமும் ஏற்கவில்லை. ஆனால் மாமியாரைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டு நாற்று நடப் போகும் மருமகளைப் பழிப்பது சுலபம். அவள் போகாவிட்டால் அன்று அடுப்பெரியாது. அதற்குச் சட்டத்தில் என்ன பதில்? முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்கார் தன் பங்காகத் தந்த 200 ரூபாயைப் பத்தாண்டுகளுக்கு மேல் உயர்த்தவேயில்லை.

இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோருக்கு வைத்தியம் உண்டு. ஆனால் லீவுச் சம்பளம் தொழிலாளி தானே நோயுற்றால்தான். தாயைக் கவனிக்க நின்றால் பட்டினி. விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யே இல்லை.

ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கக் கூட்டத்தில் வீரம் பேசும் தோழர்கள் பலர், தம் தாய்க்குச் சோறூட்டுவது மனைவியின் வேலை என்றே நினைக்கிறார்கள். வயலிலோ மில்லிலோ உழைத்துத் திரும்பும் அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிப்டு.

பெற்றோரைப் பராமரிக்கச் சம்பளத்துடன் லீவு வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் வாரத்தில் ஒருநாள் மறதி நோய்க்கென டாக்டர் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பால்வாடி போல, வேலை நேரத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளக் கிராமந்தோறும் ஓர் இடம் வேண்டும். 2021ல் தமிழ்நாட்டில் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடி மாத்திரை கொடுத்த பெண் ஊழியர்களைப் போன்றோருக்கு இந்நோயை அடையாளம் காணப் பயிற்சியும், அதற்கேற்ற ஊதியமும் தர வேண்டும். போனஸ், பஞ்சப்படியுடன் இந்தக் கோரிக்கைகளையும் சங்கங்கள் தம் மனுக்களில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.