லொறியில் ஏறும் சைக்கிளுக்கு ஒரு பழைய ரியூப் துண்டு

வடக்கில் சைக்கிள் ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தமான பொருள் இல்லை. அப்பா ஓடினது, பிறகு சித்தப்பா ஓடினது, இப்ப தங்கச்சி ரியூசனுக்குக் கொண்டு போறது என்று அதற்கும் ஒரு வம்ச வரலாறு இருக்கும். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, கோடிக்குள் கிடந்த சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தவர்கள் வடக்கில் மட்டுமல்ல, கொழும்பிலும் இருந்தார்கள்.

இவ்வளவு உழைத்த வாகனத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஏற்றி அனுப்பும்போது மட்டும் ஏன் பழைய இரும்பைப் போல நடத்துகிறோம்? இதுதான் எங்கள் கேள்வி.

சைக்கிள் வந்து இறங்கியதும் நாங்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே விசயங்களைத்தான். ஹாண்டில் நேராக இருக்கா, றிம் வளைஞ்சிருக்கா, பெல் கிடக்கா. ஒருவரும் குனிந்து பார்க்காத ஒரு இடம் இருக்கிறது. பெடல் அச்சிலிருந்து பின்சில்லின் அச்சு வரை போகிற வலதுபக்கக் குழாய். செயின் அந்தக் குழாயை ஒட்டி, அதற்கு மேலாலும் கீழாலும் ஓடுகிறது. பயணத்தில் பிரேமுக்கு நடக்கும் காயங்களில் கனக்க இங்கேதான் நடக்கின்றன. அதைச் செய்வது பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையோ, ஏற்றி இறக்கிய அண்ணையோ இல்லை. அந்தச் சைக்கிளின் சொந்தச் செயின்.

இடத்தை மிச்சம் பிடிக்கப் பின்சில்லைக் கழற்றினால், செயினை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. அது தளர்ந்து நேராகக் குழாயின் மேல் விழுந்து கிடக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவ்வளவு தூரமும் லொறியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் செயின் அதே இடத்தில் தட்டும், உரசும். செயினில் எண்ணெய் இருக்கும், எண்ணெயில் மண் ஒட்டியிருக்கும். எண்ணெயும் மண்ணும் சேர்ந்த இரும்புச் செயின் அரத்துக்குச் சமம். ஒரு இரவு முழுக்க ஒருவர் அரத்தால் பிரேமைத் தேய்த்துக்கொண்டிருந்தால் சும்மா விடுவோமா?

"பெயின்ற் தானே போனது, ஓடாமலா போகப் போகுது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சைக்கிள் ஓடுவதற்குத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இல்லை. ஓடி வந்த கீறலைப் பற்றி நாங்களும் கவலைப்படவில்லை. ஆனால் எங்களிடம் இருக்கிற சைக்கிள்களில் பெரும்பாலானவை இரும்புப் பிரேம். இரும்புக்குப் பெயின்ற் அழகு மட்டும் இல்லை, அதன் தோலே அதுதான். தோல் போன இடத்தில் மழைத்தண்ணீரும் சேறும் தேங்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காத்தும் சேரும். மேலே தெரிகிற குழாயில் கறள் பிடித்தால் கண்டவுடன் துடைப்போம். செயினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற குழாயில் பிடித்தால் யார் காண்பது? ஓடுபவரின் பாரத்தையும் மிதியின் இழுவையையும் தாங்குகிற குழாய் அது. கறள் உள்ளே இறங்கி, ஒருநாள் வெடித்து, வெல்டிங் கடையில் ஒட்டுப் போட்ட பிறகு அந்தச் சைக்கிளைப் பழைய நம்பிக்கையோடு ஓட முடியாது.

அலுமினியப் பிரேம் இரும்பு மாதிரிக் கறள் பிடிக்காது, ஆனால் மென்மையான உலோகம் என்பதால் ஆழமாகக் கீறுப்படும். போட்டிக்கு ஓடுகிறவர்களிடம் இருக்கும் காபன் பிரேமில் செயின் நார்களையே அறுத்துவிடலாம். அங்கே பெயின்ற் அடித்து ஒன்றையும் மறைக்க முடியாது.

முழுச் செயின் கவர் போட்ட பழைய பெரிய சைக்கிள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றைச் செய்தவர்கள் சாரத்தையும் சேலையையும் மட்டும் நினைத்துக் கவர் போடவில்லை, செயினையும் மண்ணிலிருந்து காப்பாற்றினார்கள். ஆனாலும் அடுக்கும்போது இன்னொரு சைக்கிளின் பெடல் குத்திக் கவர் நெளிந்தால், அதற்குப் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் செயின் கவரில் உரசி அழும். கவர் கழன்று போனவைக்கும் கியர் சைக்கிள்களுக்கும் முழுப் பாதுகாப்பும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அதற்குக் காசு தேவையில்லை. சைக்கிள் கடையில் கேட்டால் ஒட்டுப் போட முடியாத பழைய ரியூப் ஒன்று சும்மா தருவார்கள். அதை நீளமாக வெட்டி, வலதுபக்கக் குழாயில் ஒரு சுற்றின் மேல் மறுசுற்று ஏறுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். சுற்ற முன்னம் குழாயைத் துடையுங்கள். மண்ணோடு சுற்றினால் அந்த மண்ணே கீறும். செயினையும் ஒரு பழந்துணியால் துடைத்துவிடுங்கள்.

பின்சில்லைக் கழற்றாமல் அனுப்புவதென்றால், கியர் சைக்கிளில் செயினைப் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே தொங்கும் கியர் கை உள்ளுக்குப் போய்விடும், அடிபடாது. முன்னாலும் பெரிய பற்சில்லில் செயின் கிடந்தால் அதன் கூரான பற்கள் மூடப்பட்டிருக்கும்.

கழற்றுவதென்றால், அச்சு இருக்கும் இடத்தில் அதே மொத்தத்தில் ஒரு தடியை வைத்துக் கட்டி, செயினை அதன் மேலால் விடுங்கள். செயின் தொய்யாது, பின்கவர்களும் நசிந்து ஒடுங்காது. வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். எங்களுக்குப் பூவரசந்தடி போதும். அதுவும் இல்லாவிட்டால் செயினைத் துணியால் சுற்றி, ஒரு சொப்பிங் பைக்குள் விட்டு, அசையாமல் பிரேமோடு கட்டலாம்.

படுக்க வைக்கத்தான் வேண்டுமென்றால் செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் இடையில் கார்ட்போட் மட்டை வையுங்கள். பெடலைக் கழற்றினால் இன்னும் நல்லது. இடதுபக்கப் பெடலின் புரி மறுபக்கம் என்பதை மறந்து பலம் பிடிக்க வேண்டாம்.

வந்து சேர்ந்ததும் ரியூப்பைக் கழற்றிவிடுங்கள். கன நாள் விட்டால் அதற்குள் ஈரம் தங்கி, காப்பாற்ற வந்ததே கறளை வளர்க்கும். சின்னக் கீறல் கண்டால் துடைத்து எனாமல் பெயின்ற் தொட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கிற நகப்பூச்சுக்கூட அவசரத்துக்கு உதவும்.

இவ்வளவையும் சைக்கிள்காரர் தலையில் மட்டும் போட்டுவிட்டு முடிக்க எங்களுக்கு மனமில்லை. பஸ்காரரும் லொறிக்காரரும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். வாங்கும் காசுக்கு ஒரு கயிறும் இரண்டு மட்டையும் எதிர்பார்ப்பது பெரிய ஆசை இல்லை. ஏற்றும்போது பக்கத்தில் நின்று "அண்ணை, செயின் பக்கம் மேல வையுங்கோ" என்று சொல்ல நாங்களும் கூச்சப்படக் கூடாது.

எங்கள் கோபமெல்லாம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்கும் நிகழ்வுகள் எங்கள் ஊர்களில் அடிக்கடி நடக்கின்றன. நல்ல காரியம், குறை சொல்ல வரவில்லை. நாலைந்து கிலோமீற்றர் நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சைக்கிள் கிடைப்பது படிப்பே கிடைப்பது மாதிரி. ஆனால் பனருக்கும் மாலைக்கும் படத்துக்கும் காசு ஒதுக்குகிறவர்கள், லொறியில் அடுக்கும்போது இடையில் வைக்கிற மட்டைக்கு ஒதுக்குவதில்லை. புதுச் சைக்கிள் பிள்ளையின் கைக்கு வரும்போதே கீறலோடு வருகிறது. இலவசமாக வாங்கியதால் அந்தப் பிள்ளை வாய் திறக்காது. குடும்பத்தில் இன்னொரு சைக்கிள் வாங்க வழியும் இல்லை. மூன்று வருடத்தில் கறளேறப் போகிற சைக்கிளைக் கொடுப்பதும், பத்து வருடம் ஓடி அடுத்த தங்கச்சிக்கும் போகிற சைக்கிளைக் கொடுப்பதும் ஒரே உதவியா?

எத்தனை சைக்கிள் கொடுத்தோம் என்று மேடையில் எண்ணுகிறவர்கள், அவை எப்படி வந்து சேர்ந்தன என்று லொறியடியில் ஒருக்கால் குனிந்து பார்க்கட்டும். சைக்கிள் கடைகளில் எறியப்படக் காத்திருக்கிற ரியூப் குவியல்களில் அடுத்த நூறு சைக்கிளுக்கும் போதுமான ரப்பர் கிடக்கிறது.