விடுதலைப் பத்திரமும் வங்கிக் கடனும்: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையாக மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மாநில அரசு திருத்தியது. அதே ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. குழு தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்குதான் பல வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெண் தொழில்முனைவோர் பற்றிய கூட்டங்களில் பயிற்சி, தன்னம்பிக்கை என்றே பேச்சு ஓடுகிறது. எங்கள் தொழில்முனைவோர் சங்கத்துப் பெண்களுக்குத் தன்னம்பிக்கையில் குறைச்சல் இல்லை, இல்லாதது பிணை. ஒரு கிரைண்டர் வாங்கக் குழுக்கடன் போதும். அதையே மசாலா ஆலையாக்க நினைத்தால், “உங்க பேர்ல பத்திரம் இருக்காம்மா?” என்பதுதான் வங்கியின் முதல் கேள்வி. இருந்திருக்க வேண்டிய பத்திரம் அண்ணன் தம்பி பெயருக்கு விடுதலையாகிப் போயிருக்கும்.

அது நடக்கும் விதம் ஊரறிந்தது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பத்திர ஆபீசுக்கு அழைப்பு வரும். “உனக்குத்தான் நகை போட்டாச்சே” என்பார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் நின்றுபோகும். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில், எழுதியிருப்பதைப் படிக்காமலே கையெழுத்து விழும்.

1989-க்கு முன் மணமானவர்களுக்குப் பங்கே இல்லை என்ற தவறான தகவலும் இதில் சேர்ந்துகொள்கிறது. 25.3.1989-க்கு முன் மணமானவர்களை மாநிலத் திருத்தம் விலக்கியது உண்மை. ஆனால் 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்றவற்றை மட்டும் தொட முடியாது. கிறிஸ்தவப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் அவரவர் சட்டப்படி பங்கு உண்டு. கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு மட்டும் மதபேதம் கிடையாது.

விட்டுக்கொடுப்பது ஒரு பெண்ணின் உரிமை. அதைத் தடுக்கச் சொல்லவில்லை. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடட்டும். ஆகவே, விடுதலைப் பத்திரத்தில் அவர் விடும் பங்கின் சந்தை மதிப்பை எழுதுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். சார்பதிவாளர் அவரைத் தனியே அழைத்து, வாசித்துக் காட்டிய பிறகே பதிய வேண்டும்.

வங்கிகளிடம் கேட்பது புதிதல்ல. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. கேட்கும் கிளை, காரணத்தை எழுத்தில் தரட்டும். கணவர் கையெழுத்தையும் வற்புறுத்தக் கூடாது.

1.4.2025 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. வரவேற்கிறோம். ஆனால் பெயர் மட்டும் போதாது. மனைவி பெயரில் கடைப் பதிவு, கல்லாவில் கணவர் என்ற ஏற்பாடு எங்கள் உறுப்பினர்களிடையேயும் உண்டு. அத்தகைய கடைகளைப் பெண் தொழிலாக எண்ணிக் கணக்குக் காட்ட மாட்டோம்.

கையெழுத்துக்கு அழைப்பு வந்த பெண்கள் பத்திர நகலோடு எந்த வேலைநாளிலும் சங்கத்துக்கு வரலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வாசித்துச் சொல்ல ஆள் இருக்கும்.